பானையோட்டில் ஒரு பெயர்: பதின்ம வயதுப் பிள்ளையோடு கீழடி, மாங்குளம், சமணர் மலை – மூன்று நாள் பயண வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. அதன் தோள்பக்கத்தில் என் அம்மாவின் பெயரும் கல்யாண வருடமும் வெட்டியிருக்கும். சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டும் வழக்கம் பெரும்பாலான தமிழ் வீடுகளில் உண்டு. கீழடியில் கிடைத்த பானையோடுகளிலும் இதே மாதிரி, தோள்பக்கத்தில்தான், ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். இந்த ஒற்றுமையைச் சொன்ன அன்றுதான் என் மகள் முதன்முறையாக, “அந்தப் பானையை நாம போய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். அப்போது அவளுக்கு வயது 14.

அதற்கு முந்தைய வருடமும் அவளை அழைத்துப் போயிருந்தேன். ஒரே நாளில் ஏழு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் நானே பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இடத்துக்குப் பிறகு அவள் காரைவிட்டு இறங்கவில்லை. இரண்டாவது பயணத்தில் இடங்களைக் குறைத்தேன், பேச்சைக் குறைத்தேன், போவதற்கு முன்பே அவள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தேன். அந்தப் பயணத்தில் செய்தவற்றை நீங்களும் செய்து பார்க்கும்படி இங்கே வரிசையாக எழுதுகிறேன். மதுரையில் தங்கி மூன்று நாளில் முடிக்கலாம்.

முதல் படி: ஒரு மாதம் முன்பே எழுத்தைக் கற்றுக்கொடுங்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ‘க’ என்பது ஒரு கூட்டல் குறி. ‘ர’ வெறும் நேர்கோடு. ‘ட’ வலப்பக்கம் திறந்த அரைவட்டம். ‘ந’ என்றால் ஒரு படுக்கைக் கோடும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கோடும். ‘ய’ நங்கூரம் போல இருக்கும். எழுத்து அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதை அச்செடுத்துப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

முதலில் தன் பெயரை எழுதட்டும், அப்புறம் நண்பர்களின் பெயர்களை. என் மகளும் அவள் தோழியும் ஒரு வாரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழியில் கடிதம் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஆசிரியருக்குப் புரியாத எழுத்து என்பதில் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த வயதுக்கு அது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ‘க’ என்று படிப்பதா ‘க்’ என்று படிப்பதா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. கல்வெட்டு முன்னால் நின்று திணறும்போது, ‘எனக்குத்தான் தெரியவில்லை’ என்று பிள்ளை சோர்ந்துவிடக் கூடாது. அறிஞர்களும் அங்கேதான் திணறினார்கள். நாம் இரண்டாம் நாள் பார்க்கப்போகும் மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை ஆங்கிலேயரான ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டார். அதில் இருப்பது தமிழ்தான் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியது 1924-ல். இடையில் 42 வருடம் போயிருக்கிறது.

இரண்டாம் படி: வீட்டிலேயே இரண்டு சோதனைகள்

ஒரு புது மண்சட்டியை வாங்கி உடையுங்கள். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றையும் ஒரு இரும்பு ஆணியையும் பிள்ளையிடம் கொடுத்துப் பெயரைக் கீறச் சொல்லுங்கள். (கண்ணில் தூசி படாமல் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.) கீழடிப் பானைகளில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கீறியவை. ஈர மண்ணில் குயவர் எழுதியிருந்தால் கோடு வழுவழுப்பாக ஓடியிருக்கும். சுட்ட ஓட்டில் ஆணி வழுக்கும், கோடு பிசிறும், வளைவு வரவே வராது. ‘ஆதன்’ என்ற மூன்றெழுத்தை முடிக்க என் மகளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. “இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் எழுதினாங்க?” என்று அவளாகவே கேட்டாள். பதில் சொல்லாமல் அந்தத் தூக்குவாளியை எடுத்து முன்னால் வைத்தேன்.

இந்தச் சின்னக் கேள்விக்குள் பெரிய விஷயம் இருக்கிறது. எழுத்தின் பாணி ஓட்டுக்கு ஓடு வேறுபடுகிறது. எழுதியது ஒரே கை இல்லை. பானைக்குச் சொந்தக்காரர்களே எழுதியிருந்தால், அந்த ஊரில் சாதாரண வீடுகளிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றாகிறது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கயிறு வேண்டும். 353 செ.மீ. அளந்து வெட்டி மாடியிலிருந்து தொங்கவிடுங்கள். கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு வந்த காலம் கி.மு. 580. கரியில் இருக்கும் கதிரியக்கக் கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதைச் சொல்லி, சுமார் 2,600 ஆண்டுகளில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். கால்குலேட்டர் இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே வந்துவிடும். ஏறக்குறைய 73 சதவீதம். வரலாறு பிடிக்காது, கணக்கும் அறிவியலும்தான் பிடிக்கும் என்கிற பிள்ளைகளுக்கு வாசல் இங்கேதான் திறக்கும்.

மூன்றாம் படி: காலமும் பையும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரி. ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும். கோடை விடுமுறைதான் கிடைக்கிறது என்றால் மலைகளை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தை மட்டும் பாருங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி. கடலை மிட்டாய், வாழைப்பழம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு வரும். மலைகளில் கழிப்பறை கிடையாது. விடுதியிலேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு நாட்களைப் பார்த்து, மலை ஏறும் நாளை அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கேட்டுவிட்டால் அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

ஒரு நல்ல டார்ச் கண்டிப்பாக வேண்டும். ஏன் என்று மாங்குளத்தில் சொல்கிறேன்.

செல்போனைப் பிடுங்காதீர்கள். அதில்தான் எழுத்து அட்டவணை இருக்கிறது, அதில்தான் படம் எடுக்கப் போகிறது. வழி பார்ப்பது, படம் எடுப்பது, அன்றைய செலவைக் குறிப்பது மூன்றையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். வழி தவறினாலும் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முதல் நாள்: கீழடி

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில், சிலைமான் தாண்டியதும் கீழடி. ஏறத்தாழ 12, 13 கிலோமீட்டர். ஊர் சிவகங்கை மாவட்டத்தில் வருகிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே பள்ளிச்சந்தைத் திடல் என்று சொல்லப்படும் மேட்டில்தான் எல்லாம் தொடங்கியது. 2014-15-ல் மத்திய தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் தோண்ட ஆரம்பித்தது. 2017-18-ல் நடந்த நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 5,820 பொருட்கள் கிடைத்தன. அவற்றில் தமிழி எழுத்துள்ள பானையோடுகள் 56.

அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தூண்களும் முற்றமும் அழகு. விடுமுறை நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் மகளிடம் மூன்றே மூன்று வேலைகள் சொன்னேன். எழுத்துள்ள ஓடு ஒன்றைப் பெயர்ப்பலகை பார்க்காமல் படிக்க வேண்டும். தன் வயதுப் பிள்ளை ஒன்று பயன்படுத்தியிருக்கக்கூடிய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரியாத பொருள் ஒன்றைப் படம் வரைய வேண்டும். அப்புறம் நான் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பகடைக்காய்களும் பானையோட்டை உரசிச் செய்த வட்டச் சில்லுகளும் அவளுக்குப் பிடித்துப்போயின. “இது நொண்டிச் சில்லுதானே?” என்றாள். அந்தச் சில்லுகள் விளையாட்டுக்குத்தானா, வேறு எதற்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொன்னேன், ஆனால் அவள் ஊகத்தைத் தட்டவில்லை. தந்தத்தில் செய்த சீப்பு, நூல் நூற்கும் தக்களி, சூதுபவள மணி, உறைகிணற்றின் சுடுமண் வளையம் எல்லாம் அவள் பட்டியலில் இருந்தன.

கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழிகளை (இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானைகள்) பற்றிப் பேசும்போது, அவசரப்படாமல் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். புறநானூற்றின் 256-ஆம் பாடலில் கணவனை இழந்த ஒரு பெண் குயவனைப் பார்த்து, வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னப் பல்லி மாதிரி என் கணவனோடு பல காடு கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அந்தத் தாழியை அகலமாகச் செய் என்று கேட்கிறாள். வீட்டில் படிக்கும்போது அது மனப்பாடப் பாட்டு. தாழியின் வாயகலத்தைக் கண்ணால் அளந்தபடி கேட்கும்போது வேறு. என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அகழாய்வு நடந்த இடத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள். தோண்டிய குழிகளை ஆவணப்படுத்திய பின் மண் போட்டு மூடிவிடுவது வழக்கம் என்பதால், நீங்கள் போகும் சமயத்தில் எது திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குழி திறந்திருந்தால் சுவரில் மண்ணடுக்குகளைக் காட்டுங்கள், நிறம் மாறுவது நன்றாகவே தெரியும்.

அங்கே அவள் கேட்ட கேள்வி இது: “கரிக்கு வயசு தெரியும். எழுத்துக்கு எப்படித் தெரியும்?” இதுதான் இன்றும் ஓயாத விவாதம். கரியும் ஓடும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தால் இரண்டும் ஒரே காலம் என்று கொள்கிறோம். அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா, தமிழி எழுத்து அசோகர் காலத்துக்கு முந்தியதா என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. பழனிக்கு அருகே பொருந்தலில் கிடைத்த நெல்லின் காலக் கணிப்பும் இந்த விவாதத்தில் வரும். இரண்டு பக்கத்தையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். நம் பெருமைக்காக ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால், நாளைக்கு அவர்கள் வேறெங்காவது மறுபக்கத்தைக் கேட்கும்போது நம்மை நம்ப மாட்டார்கள்.

நேரம் இருந்தால் அதே சாலையில் மானாமதுரை வரை போய் வாருங்கள். கடம் செய்வதில் பேர் பெற்ற ஊர். சக்கரத்தில் மண் எழுவதைப் பார்த்தால் காலையில் பார்த்த கறுப்பு-சிவப்புப் பானைக்கு ஒரு கை கிடைத்துவிடும்.

இரண்டாம் நாள்: மாங்குளம்

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் பக்கம், மீனாட்சிபுரம் ஊரை ஒட்டிய மலை. வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்வது மிகவும் முக்கியம். பாறைச்சரிவில் பாதை பல இடங்களில் தெரியாது. அவருக்கு நியாயமான கூலியைப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுடன் வந்த பெரியவரை “தாத்தா” என்று கூப்பிட்டுக்கொண்டு என் மகள் அவர் பின்னாலேயே ஏறினாள். எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்பதை எனக்கல்ல, அவளுக்குத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

குகைத்தளத்தில் முதலில் கற்படுக்கைகளைப் பாருங்கள். சமணத் துறவிகள் படுத்த இடம். தலைமாட்டைச் சற்று உயர்த்தி வெட்டியிருப்பது தெரியும். மேலே பாறை நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கும், மழைநீர் உள்ளே வராமல் வெளியே வடிய. பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் எழுத்து இருக்கும்.

இப்போது டார்ச். வெளிச்சத்தை எழுத்துக்கு நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். காலை இளவெயில் சாய்வாக விழும் இடங்களில் டார்ச்சும் வேண்டாம். சாக்பீஸ், மாவு, பெயிண்ட் எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள், விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். இரண்டாயிரம் வருடம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து மனிதக் கையால்தான் அழிகிறது.

இங்குள்ள கல்வெட்டு ஒன்றின் சாரம் இது: கணி நந்தசிரி குவன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணவன் (பணியாள்) கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செய்வித்தான். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதன் காலத்தைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். ‘நெடுஞ்செழியன்’ என்ற சொல்லை முழுசாகத் தேட வைக்காதீர்கள், நீளம் அதிகம். ‘ப-ளி-இ’ என்பதைத் தேடச் சொல்லுங்கள். பள்ளி! துறவிகள் தங்கிய இடத்தின் பெயர்தான் இன்று பிள்ளைகள் தினமும் போகும் இடத்தின் பெயர். இதை நான் சொல்லவில்லை, படித்துவிட்டு அவளே திரும்பினாள்.

இன்னொரு கல்வெட்டில் வெள்ளறை நிகமம் என்று ஒரு வணிகர் குழு வருகிறது. அரசன், அவனுடைய ஆள், வணிகர் என்று பல கைகள் சேர்ந்து செய்த தானம் இது. ‘சிலப்பதிகாரத்தில் வருகிற நெடுஞ்செழியனா?’ என்று உங்கள் பிள்ளையும் கேட்கும். பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகிவிடாது. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர்கள் உண்டு என்று சொல்லி, அங்கேயே விட்டுவிடுங்கள்.

இறங்கி வரும்போது மீனாட்சிபுரமும் பக்கத்து அரிட்டாபட்டியும் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். மொத்தம் ஏறத்தாழ 193 ஹெக்டேர். 2024-ல் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்து, ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. மலையில் எழுத்து இன்னும் இருப்பதற்குப் பின்னால் இந்த மக்களும் இருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் வேறெங்கும் போகாதீர்கள். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூங்க விடுங்கள்.

மூன்றாம் நாள்: சமணர் மலை

மதுரையிலிருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். இதுவும் காலையிலேயே போக வேண்டிய இடம், ஆனால் ஏற்றம் மாங்குளம் போலக் கடினமில்லை. படிகள் உண்டு.

மலையில் செட்டிப்புடவு என்ற இடத்தில், குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியவர்) சிற்பம் உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், விதானப் பாறையிலும் சிற்பங்கள். சிங்கத்தின் மேலேறி யானையோடு பொருதும் இயக்கியை (சமணப் பெண் தெய்வம்) என் மகள் படம் வரைந்தாள். அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் சுனை அருகே எட்டுப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சமணத் துறவி பாகுபலியும் உண்டு. காலில் கொடி சுற்றியிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

சிற்பங்களுக்குக் கீழே இருப்பது வட்டெழுத்து, தமிழிக்குப் பிந்தைய எழுத்து முறை, காலம் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகள். மாங்குளத்துக்கும் இதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. தமிழியைப் படித்த பிள்ளைக்கு இது படிக்க வராது. அதுவும் ஒரு பாடம்தான். இங்கேயும் எழுதியிருப்பது பெயர்கள்தான்: குரண்டிப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர், அவருடைய மாணவர், இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் என்று.

அதே பாறைகளில் நம் காலத்து ஆட்களும் பெயர் கீறிவைத்திருக்கிறார்கள். காதலர் பெயர், கல்லூரிப் பெயர். “ஆதனும் இதைத்தானே செஞ்சான்?” என்று மகள் மடக்கினாள். நல்ல கேள்வி. ஆதன் தன் பானையில் எழுதினான், இவர்கள் ஊருக்குப் பொதுவான கல்லில், இன்னொருவர் எழுதியதன் மேல் எழுதுகிறார்கள் என்று சொன்னேன். சட்டமும் உண்டு. இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே போல, எந்த இடத்திலும் கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லைக்கூட எடுத்துப் பையில் போட விடாதீர்கள். இடத்தைவிட்டு எடுத்த ஓடு பேசாது.

வீடு திரும்பிய பிறகு

முதல் வாரத்துக்குள் படங்களை ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இடம், தேதி, படித்த எழுத்து மூன்றையும் பிள்ளை எழுதட்டும். கட்டுரை கேட்காதீர்கள். கட்டுரை என்றாலே பள்ளிக்கூட வேலை ஆகிவிடும்.

என் மகள் தான் கீறிய ஓட்டை எடுத்துப்போய் என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கச் சொன்னார். விளிம்புக்குக் கீழே, தேய்ந்த எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர். யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அவருடைய மாமியார் காலத்திலேயே வீட்டில் இருந்த அண்டாவாம். மகள் டார்ச்சை எடுத்துவந்து, பித்தளையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தாள். பெயருக்குப் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காக போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.